பர்சரியில் (படிப்பு உதவித்தொகையில்) படிக்கும் பிள்ளையின் வீட்டிலும் பள்ளி நன்கொடை கேட்கிறது. கொடுப்பதா, வேண்டாமா?

தவில்வீட்டுக்காரி (டர்பன், தென்னாப்பிரிக்கா):

எல்லோருக்கும் வணக்கம். இங்கே பெரும்பாலும் விசா, வாடகை, நல்ல புளி எந்தக் கடையில் கிடைக்கும் என்றுதான் கேட்பார்கள். நான் கேட்கப்போவது கொஞ்சம் சங்கடமான சமாச்சாரம். ஊரில் அண்ணியிடம்கூடக் கேட்க முடியாது. "ஒரு லட்சத்துக்கு மேல் சலுகையில் படிக்க வைத்துவிட்டு நூறு ரூபாய்க்குப் புலம்புகிறாயா" என்பாள்.

என் கணவர் செட்ஸ்வொர்த் பக்கம் ஒரு கோயிலில் தவில் வாசிக்கிறார். மாதச் சம்பளம் 14,000 ராண்ட். தங்குவதற்கு இடம் கோயிலே கொடுத்திருக்கிறது. காவடி சமயத்திலும் கல்யாண நாட்களிலும் வெளி வாசிப்பு வரும். நான் முறுக்கும் அதிரசமும் போட்டு விற்கிறேன். மகள் எட்டாவது கிரேடு. அவளுடைய பழைய பள்ளி ஆசிரியை ஒருவர் விடாப்பிடியாக நின்று, ஒரு தனியார் பெண்கள் பள்ளிக்கு நுழைவுத்தேர்வு எழுத வைத்தார். இடம் கிடைத்தது, பர்சரியும் கிடைத்தது. அங்கே கட்டணம் வருடத்துக்கு 1,40,000 ராண்ட். நான்கில் மூன்று பங்கு பர்சரி. மீதி 35,000-ஐ மாதம் 3,500 வீதம் பத்துத் தவணையாகக் கட்டுகிறோம். யூனிஃபார்ம், லேப்டாப், ஹாக்கி மட்டை, வாய்க்கு மாட்டும் கம் கார்டு எல்லாம் தனி. பல்லுக்கு மாட்டும் பிளாஸ்டிக்குக்கு அவ்வளவு விலை என்று இங்கே வந்துதான் கற்றுக்கொண்டேன்.

அந்த பர்சரிக்கு நாங்கள் கொடுத்த காகிதங்களைச் சொன்னால் சிரிப்பீர்கள். மூன்று மாத பேங்க் ஸ்டேட்மென்ட், சம்பளச் சீட்டு, கோயில் கமிட்டியின் கடிதம், போலீஸ் ஸ்டேஷனில் முத்திரை குத்திய அஃபிடவிட். எங்கள் ஏழ்மைக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் ஒரு கான்ஸ்டபிள். வருடா வருடம் இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

இப்போது மூன்றாம் டெர்மில் பள்ளியிலிருந்து ஒரு ஈமெயில். "ஆண்டுக் கொடை. தொகை முக்கியமல்ல, ஒவ்வொரு குடும்பமும் பங்கெடுப்பதே முக்கியம். நூறு சதவீதம் நம் இலக்கு." சரி, பொதுவாக எல்லோருக்கும் அனுப்பியதுதானே என்று விட்டுவிட்டேன். அப்புறம் கிளாஸ் வாட்ஸ்அப் குழுவில் பெற்றோர் பிரதிநிதி ஒரு பட்டியல் போட்டார். பிள்ளைகள் பெயர் வரிசையாக. கொடுத்த வீட்டுக்கு எதிரே பச்சை டிக். கொடுக்காத வீட்டுக்கு எதிரே ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத வரிசையில் என் மகளோடு சேர்த்து நாலு பேர். அவளுடைய தோழி அதைப் போனில் காட்டியிருக்கிறாள். "அம்மா, நம்ம பேருக்கு நேரா ஏன் காலியா இருக்கு?" என்று கேட்டாள். பர்சரி விஷயம் அவள் தோழிகளுக்குத் தெரியாது. தெரிய வேண்டாம் என்பது அவள் விருப்பம்.

இது போக ஒரு ரேஃபிள் புத்தகம், அதாவது பரிசுக் குலுக்கல் சீட்டுப் புத்தகம், வந்திருக்கிறது. பத்துச் சீட்டு, ஒன்று 50 ராண்ட். போன வாரம் சிவ்விஸ் டே என்று வீட்டு உடையில் போக 20 ராண்ட். வசந்த விழாவுக்கு "தமிழ்ப் பலகாரம் ஒரு ஸ்டால் போடுங்களேன்" என்ற வேண்டுகோள் வேறு.

என் கணவர் இதை மொய் என்கிறார். எங்கள் ஊர் பேராவூரணிப் பக்கம். அங்கே மொய் எழுதாமல் விருந்து சாப்பிட்டுவிட்டு வந்தவன் கதையை மூன்று தலைமுறைக்குச் சொல்வார்கள். "வாங்கியிருக்கோம், எழுதித்தான் ஆகணும்" என்பது அவர் கட்சி. நான் கேட்டேன்: மொய் என்றால் நோட்டில் ஏறும், நாளைக்கு நம் வீட்டு விசேஷத்தில் திரும்பி வரும், கணக்கு நேராகும். இவர்களிடம் வருடத்துக்கு 1,05,000 ராண்ட் வாங்கியிருக்கிறோம். இதற்கு எவ்வளவு எழுதினால் நேராகும்? நூறு எழுதினால் அது மொய்யா, கேலியா?

எனக்கு இரண்டு பயம். கொடுத்தால், அடுத்த பர்சரிக் கூட்டத்தில் "இவர்களிடம் மிச்சம் இருக்கிறதே" என்று குறைத்துவிடுவார்களோ? கொடுக்காவிட்டால், நன்றி கெட்டவர்கள் என்று யாராவது குறித்துக்கொள்வார்களோ?

இன்னொன்று, மறந்தே போனேன். செப்டம்பர் 24 ஹெரிடேஜ் டேயை ஒட்டிப் பள்ளியில் ஒரு நிகழ்ச்சி. என் கணவரைத் தவில் வாசிக்கக் கேட்டார்கள், இலவசமாக. "உங்கள் குடும்பத்தின் பங்களிப்பு" என்றார் கேட்ட அம்மா. இவர் யோசிக்காமல் சரி சொல்லிவிட்டார். வெளியே வாசித்தால் 1,500 ராண்ட் வரும். அந்தப் பங்களிப்புக்குப் பட்டியலில் டிக் கிடையாது.

உங்களில் யாராவது இந்த நிலையில் இருந்திருந்தால் என்ன செய்தீர்கள், சொல்லுங்கள்.

*

மிட்ராண்ட்வாசி:

அக்கா, ஒரு சென்ட்டும் கொடுக்காதீர்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

உங்களிடம் பணம் இல்லை என்று அவர்களே காகிதம் காகிதமாகச் சரிபார்த்து முடிவு செய்தார்கள். அதே பள்ளி வலது கையால் கொடுத்துவிட்டு இடது கையை நீட்டுகிறது. உங்கள் பாக்கெட்டிலிருந்து 500 எடுப்பதற்குப் பதில் பர்சரியை 500 குறைத்துக்கொள்ளலாமே, அதுவாவது நேர்மை.

இந்த "நூறு சதவீதம்" எங்கிருந்து வருகிறது தெரியுமா? அமெரிக்கா. என் தங்கை நியூஜெர்சியில் இருக்கிறாள், அவள் பிள்ளைகளும் தனியார் பள்ளி. அங்கே ஆன்யுவல் ஃபண்ட் என்று ஒன்று வருடா வருடம் நடக்கும். ஃபீஸ் மட்டும் செலவுக்குப் போதாது, இடைவெளியை நன்கொடையால் நிரப்புகிறோம் என்பார்கள். எத்தனை டாலர் வந்தது என்பதோடு எத்தனை சதவீதம் குடும்பங்கள் கொடுத்தன என்றும் கணக்கு வைப்பார்கள். அதனால் உதவித்தொகையில் படிக்கும் பிள்ளையின் வீட்டிலும் ஐந்து டாலராவது கேட்பார்கள். அந்த ஈமெயிலை அப்படியே எடுத்து டாலருக்குப் பதில் ராண்ட் என்று மாற்றி உங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

என் மகன் படிப்பது லாபத்துக்கு நடக்கும் ஒரு செயின் பள்ளி. அங்கேயும் ஃபண்ட்ரெய்சிங் உண்டு! பங்குதாரருக்கு டிவிடெண்ட் கொடுக்கும் கம்பெனிக்கு நான் கேக் சுட்டுக் கொடுக்க வேண்டுமாம். உங்கள் பள்ளி எந்த வகை என்று முதலில் பாருங்கள். இந்த நாட்டில் தனியார் பள்ளி என்றால் எல்லாம் அறக்கட்டளை கிடையாது. கர்ரோ என்ற பள்ளிக் குழுமம் 2011-ல் ஜோகனஸ்பர்க் பங்குச் சந்தைக்கே போனது. 2025-ல் ஜானி மௌட்டன் அறக்கட்டளை அதை 720 கோடி ராண்டுக்கு வாங்கி லாபமில்லா அமைப்பாக மாற்ற முன்வந்தபோதுதான், அதுவரை அது லாபத்துக்கு நடந்தது என்பதே பல பேருக்கு உறைத்தது.

*

ஆஷர்வில்_ஆன்ட்டி:

என் தமிழில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் இந்த நாட்டில் பிறந்தவள், நாலாவது தலைமுறை. சாயங்காலப் பாடசாலையில் படித்த தமிழ். அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ரிட்டையர் ஆனவள்.

மிட்ராண்ட் தம்பி சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. ஏழை என்றால் வாங்கிக்கொள்ள மட்டும்தான் என்று யார் சொன்னது?

1860 நவம்பரில் ஒப்பந்தக் கூலிகளோடு ட்ரூரோ கப்பல் மெட்ராஸிலிருந்து டர்பனுக்கு வந்ததே, அதில் வந்தவர்களுக்கு இங்கே யாரும் பள்ளிக்கூடம் கட்டி வைத்திருக்கவில்லை. பின்னால் வந்த பள்ளிகள் பலவும் எப்படி வந்தன? ஜனங்கள் காசு சேர்த்துக் கட்டடம் எழுப்பினால் அரசாங்கம் மானியம் தரும். ஸ்டேட் எய்டெட் பள்ளி என்பார்கள். நான் படித்ததும் அப்படி ஒன்று. சாஸ்திரி காலேஜும் நம் ஜனங்கள் சேர்த்த பணத்தில் எழுந்ததுதான். இந்தியாவின் ஏஜென்ட்டாக இங்கே வந்த சீனிவாச சாஸ்திரி முன்னின்று செய்தார், அவர் பெயரையே வைத்தார்கள். எம்.எல். சுல்தான் 1890-ல் ஒப்பந்தக் கூலியாக வந்தவர். அவர் கொடுத்த கொடையில்தான் அவர் பெயரில் டெக்னிகல் காலேஜ் எழுந்தது. இன்றைக்கு அது டர்பன் யூனிவர்சிட்டி ஆஃப் டெக்னாலஜியின் ஒரு பகுதி.

சுல்தான் பெரிய மனிதர், விடுங்கள். என் அப்பா கீரையும் வெண்டைக்காயும் பயிரிட்டு மார்க்கெட்டில் விற்றவர். ராண்ட் வருவதற்கு முந்திய காலம், பவுண்டும் ஷில்லிங்கும். பள்ளிக் கட்டட நிதிக்கு அரை கிரவுன் கொடுப்பார். மழை கெடுத்த மாதம் ஒரு ஷில்லிங். ஞாயிற்றுக்கிழமை பஜனை முடிந்ததும் பெயரும் தொகையும் சத்தமாகப் படிப்பார்கள். ஒரு ஷில்லிங் என்று படித்தாலும் அவர் தலை குனிந்து நான் பார்த்ததில்லை.

ஆகவே தவில்காரம்மா, கொடு. சின்னதாகக் கொடு. உன் பெண்ணும் பார்க்கட்டும். அவள் வாங்குகிற பிள்ளை மட்டும் இல்லை, கொடுக்கிற வீட்டுப் பிள்ளையும்தான்.

காசில்லாமலும் ஒரு வழி இருக்கிறது. மைஸ்கூல் கார்டு வைத்திருக்கிறாயா? உல்வொர்த்ஸ் போன்ற கடையில் காட்டினால் நீ வாங்குவதில் ஒரு சிறு பங்கைக் கடை பள்ளிக்கு அனுப்பும். உனக்குக் கூடுதல் செலவில்லை. என் பேரனின் பள்ளிக்கு என் கார்டில் இருந்துதான் போகிறது.

*

மிட்ராண்ட்வாசி:

ஆன்ட்டி, உங்கள் அப்பாவை மதிக்கிறேன். ஆனால் அது வேறு கதை. அரசாங்கம் நம் பிள்ளைகளுக்குப் பள்ளி தராததால் அவர்கள் கட்டினார்கள். செங்கல் ஒவ்வொன்றும் அவர்களுடையது, கமிட்டியில் அவர்களும் இருந்தார்கள். இந்தப் பள்ளியில் அக்காவுக்கு எந்தக் கமிட்டியில் நாற்காலி போட்டார்கள்? நீச்சல் குளத்துக்கு சோலார் ஹீட்டிங் போடத்தான் இந்த வருட வசூல் என்றால் என்ன செய்வீர்கள்? பணம் எதற்குப் போகிறது என்று ஈமெயிலில் இருக்கிறதா அக்கா?

*

தவில்வீட்டுக்காரி:

தம்பி, நீச்சல் குளம் இல்லை. ஈமெயிலைத் திரும்பப் படித்தேன். பாதி பர்சரி நிதிக்கு, பாதி இசை வகுப்பறைக்கு என்று போட்டிருக்கிறது. பர்சரி நிதிக்கு என்பதைப் பார்த்ததும் தலை இன்னும் சுற்றுகிறது. எனக்கு வரும் பணத்துக்கு நானே உண்டியல் குலுக்குகிறேனா?

ஆன்ட்டி, உங்கள் அப்பா கதையை இவரிடம் படித்துக் காட்டினேன். "பாத்தியா, அவரும் மொய்க் கட்சிதான்" என்கிறார். எனக்கு ஒன்று மட்டும் இடிக்கிறது. அந்த பஜனையில் அரை கிரவுன் கொடுத்தவரும் ஒரு ஷில்லிங் கொடுத்தவரும் ஒரே மார்க்கெட்டில் ஒரே மாதிரி வண்டி தள்ளியவர்கள். இந்தப் பட்டியலில் பச்சை டிக் வாங்கிய ஒரு வீட்டுக்கு பாலிட்டோவில் கடலைப் பார்த்து விடுமுறை வீடு இருக்கிறது.

*

கணக்குப்பிள்ளை:

நான் டர்பன் பக்கம் பினீக்ஸில் வரிக் கணக்குப் பார்க்கிறவன். கொடுக்கலாமா கூடாதா என்பது உங்கள் மனசுக்கு. எனக்குத் தெரிந்தது சட்டம், அதில் சிலதைச் சொல்கிறேன்.

"கஷ்டப்பட்ட குடும்பம் ஃபீஸ் கட்ட வேண்டாம் என்று சட்டமே இருக்கிறது" என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். அது 1996 பள்ளிச் சட்டத்தின் கீழ் அரசுப் பள்ளிக்குத்தான். அங்கே ஃபீஸ் விலக்கு பெற்றோரின் உரிமை. தனியார் பள்ளியில் நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம்தான் பேசும். அதை எடுத்துப் படியுங்கள். நன்கொடை கட்டாயம் என்று ஒரு வரி இருந்தால் அது நன்கொடையே இல்லை, கட்டணத்தின் இன்னொரு பெயர். இல்லையென்றால், கொடுக்காததால் அவர்கள் எதுவும் செய்ய முடியாது.

பள்ளி கோபித்துக்கொண்டு பிள்ளையை வெளியே அனுப்பிவிடுமோ என்ற பயம் உங்கள் எழுத்தில் தெரிகிறது. 2020 ஜூன் மாதம் அரசியல் சாசன நீதிமன்றம் ஜோகனஸ்பர்க்கின் பிரிட்வின் பள்ளி வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அது நன்கொடை வழக்கு இல்லை. தந்தையின் நடத்தை சரியில்லை என்று ஒப்பந்தத்தை ரத்து செய்து இரண்டு பையன்களை வெளியேற்றிய விவகாரம். பிள்ளையின் நலனைக் கருதாமல், சொல்ல வேண்டியதைச் சொல்ல வாய்ப்பும் கொடுக்காமல், தனியார் பள்ளியானாலும் அப்படி அனுப்ப முடியாது என்றது நீதிமன்றம். ஆனால் பர்சரி வேறு. வருடா வருடம் புதுப்பிப்பது என்றால், அடுத்த வருடம் குறைக்க அவர்களுக்கு இடம் உண்டு.

வரி. பள்ளிக்கு வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவு அனுமதி இருந்தால் நன்கொடைக்கு ரசீது கிடைக்கும், வரிக்குரிய வருமானத்தில் பத்து சதவீதம் வரை கழிக்கலாம். ஆனால் ரேஃபிள் சீட்டு, விருந்து டிக்கெட், கோல்ஃப் டே, ஏலத்தில் எடுத்த பொருள், ஃபீஸ், கட்டாய லெவி இவற்றுக்கெல்லாம் கிடையாது. வரித் துறையான சார்ஸ் இதில் தெளிவு. உங்கள் கணவர் தவில் வாசிப்பதற்கும் கிடையாது, உழைப்பை நன்கொடையாக அந்தப் பிரிவில் காட்ட முடியாது. 1,500 ராண்ட் வருமானத்தை விட்டுக்கொடுக்கிறவருக்கு ரசீது இல்லை, 1,500 ராண்ட் அனுப்பியவருக்கு உண்டு. நான் எழுதிய சட்டம் இல்லை இது.

*

பர்சார்_அறை:

நான் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் ஒரு தனியார் பள்ளியின் நிதி அலுவலகத்தில் இருக்கிறேன். உங்கள் பள்ளி இல்லை. எங்கள் பள்ளியில் நடப்பதைச் சொல்கிறேன், உங்களுடையதில் கொஞ்சம் முன்பின் இருக்கலாம்.

பர்சரி கமிட்டியும் நன்கொடை வசூலிக்கும் டெவலப்மென்ட் அலுவலகமும் வேறு வேறு அறை, வேறு வேறு ஆட்கள். கமிட்டி மேசைக்கு வரும் கோப்பில் "இவர்கள் எவ்வளவு கொடுத்தார்கள்" என்று ஒரு தாளும் இருக்காது. உங்கள் ஸ்டேட்மென்ட்டில் பள்ளிக்கு 100 ராண்ட் போயிருப்பதைப் பார்த்தாலும் யாரும் புருவம் தூக்க மாட்டார்கள். அவர்கள் தேடுவது வேறு. காருக்கு மாதத் தவணை எவ்வளவு, டிஎஸ்டிவியில் பெரிய பேக்கேஜா, கடை அக்கவுண்ட்டுகள் எத்தனை, விவரம் சொல்லாத பணம் எங்கிருந்தோ வந்து விழுகிறதா. அதனால் உங்களிடம் நான் கேட்பது: வெளி வாசிப்பும் முறுக்கு வியாபாரமும் விண்ணப்பத்தில் இருக்கிறதா? இல்லையென்றால் அதைச் சரிசெய்யுங்கள். நன்கொடையால் பர்சரி போன குடும்பத்தை நான் பார்த்ததில்லை. எழுதாமல் விட்ட வருமானத்தால் போன குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

சதவீதக் கணக்கு பற்றி மிட்ராண்ட் நண்பர் சொன்னது உண்மை. ஆனால் அது வெறும் காப்பி இல்லை. பெரிய கம்பெனிகளிடமும் டிரஸ்டுகளிடமும் போய் நிற்கும்போது "உங்கள் பெற்றோரே கொடுக்கிறார்களா?" என்று கேட்பார்கள். எழுபது சதவீதம் என்று சொல்ல முடிந்தால் அங்கே கதவு திறக்கும். அந்தக் கணக்கில் 20 ராண்டும் ஒன்று, 20,000 ராண்டும் ஒன்று. அதாவது உங்களிடம் கேட்பது உங்கள் பணத்துக்காக இல்லை, எண்ணிக்கைக்காக. இதை ஈமெயிலில் வெளிப்படையாக எழுதச் சொல்லி நான் பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். "உணர்வு போய்விடும்" என்கிறார்கள்.

பெயர்ப் பட்டியல் பெரிய தப்பு. பெற்றோர் பிரதிநிதிக்கு அந்த விவரம் யார் கொடுத்தது? தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், போபியா, 2021 ஜூலை முதல் முழுசாக அமலில் இருக்கிறது. யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்று குழுவில் போடுவதற்கு உங்களிடம் யாராவது சம்மதம் கேட்டார்களா? பிரதிநிதியோடு சண்டைக்குப் போகாதீர்கள். டெவலப்மென்ட் அலுவலகத்துக்கு நாலு வரி எழுதுங்கள். பர்சரி என்ற சொல்லே அதில் வேண்டாம். "பிள்ளைகளின் பெயரோடு பட்டியல் போட வேண்டாம்" என்பது போதும். எந்தப் பெற்றோரும் எழுதக்கூடிய கடிதம் அது.

ரேஃபிள் புத்தகத்தை விற்க முடியாவிட்டால் அடிக்கட்டையோடு கடைசித் தேதிக்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதைத் தாண்டினால் பத்துச் சீட்டையும் நீங்கள் வாங்கியதாகக் கணக்கு எழுதிவிடுவார்கள். எங்கள் பள்ளியில் ரேஃபிள் பணத்தில் கணிசமான பங்கு இப்படிப் பெற்றோரே தலையில் போட்டுக்கொண்டதுதான்.

ஸ்டால் விஷயத்தில் முதலிலேயே பேசிவிடுங்கள். மாவும் எண்ணெயும் பள்ளிச் செலவு, கை மட்டும் உங்களுடையது என்று. பிரியாணிப் பானை விற்கும் பெற்றோர் யாரும் அரிசியைத் தன் காசில் போடுவதில்லை.

என் சொந்தக் கருத்து: பர்சரிக் குடும்பங்களை இந்த வசூல் ஈமெயில் வரிசையிலிருந்தே எடுத்துவிட வேண்டும். கொடுக்க விரும்புகிறவர்களுக்குக் கதவு திறந்துதான் இருக்கும். இன்னொரு வசூலும் உண்டு, அதை யாரும் வசூல் என்று சொல்வதில்லை. கொடையாளருக்கு நன்றிக் கடிதம் எழுதச் சொல்லிப் பிள்ளைகளை உட்கார வைப்பார்கள், எழுதியதைத் திருத்தியும் தருவார்கள். நூறு ராண்டைவிட அது கனம். உங்கள் மகளிடம் அப்படிக் கேட்டால், இஷ்டமிருந்தால் மட்டும் எழுதட்டும்.

*

ஆஷர்வில்_ஆன்ட்டி:

பாலிட்டோ வீட்டுக்காரரோடு ஒரே பட்டியலில் நிற்பது வேறுதான், ஒப்புக்கொள்கிறேன். சிறுமியாக இருந்தபோது இந்த மாதிரிப் பள்ளிகளின் கேட்டைப் பஸ்ஸில் போகும்போது வெளியிலிருந்து பார்த்திருக்கிறேன். உள்ளே போவது நமக்கு இல்லை என்பது அன்றைய நிறவெறிச் சட்டம். அந்தக் கேட்டுக்குள் இன்று உன் மகள் ஹாக்கி மட்டையோடு போகிறாள் என்று படித்ததும் நான் கொஞ்சம் அவசரப்பட்டு "கொடு" என்று சொல்லியிருப்பேன். இருந்தாலும் என் பேச்சு அதுதான். அந்தப் பட்டியலுக்காக வேண்டாம். உன் மனசு சொல்கிற அன்றைக்குக் கொடு. அவள் வேலைக்குப் போன பிறகு அவள் கையால் கொடுத்தாலும் பள்ளிக்கூடம் எங்கேயும் ஓடிவிடாது.

*

தவில்வீட்டுக்காரி:

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

பர்சார் அண்ணா, வெளி வாசிப்பும் முறுக்கும் விண்ணப்பத்தில் இருக்கிறது. முறுக்குக்கு மாதம் எவ்வளவு லாபம் என்று கேட்டிருந்தார்கள், "தேங்காய் எண்ணெய் விலையைப் பொறுத்தது" என்று எழுதினேன்.

அலுவலகத்துக்கு நாலு வரி போட்டேன், நீங்கள் சொன்ன மாதிரியே. மறுநாளே பதில் வந்தது. பட்டியல் பள்ளியின் அனுமதியோடு போட்டதில்லை, பிரதிநிதியிடம் பேசுகிறோம் என்று. சாயங்காலம் குழுவில் பட்டியல் இல்லை. அடுத்த நாள் அந்த அம்மா பள்ளி வாசலில் என்னைப் பார்த்து வழக்கத்தைவிட அதிகமாகச் சிரித்தார். எனக்கு அது பிடிக்கவில்லை, இருந்தாலும் சமாளித்துக்கொண்டேன்.

ரேஃபிள் புத்தகம் திரும்பிப் போய்விட்டது. இவர் இரண்டு சீட்டைக் கோயிலில் விற்றிருந்தார், அந்த நூறு ராண்டையும் சேர்த்துக் கொடுத்தேன். ஸ்டாலுக்கு சரி சொன்னேன், மாவும் எண்ணெயும் அவர்கள் வாங்கித் தருகிறார்கள். உளுந்து எந்தக் கடை என்பதை நான்தான் சொல்வேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

ஹெரிடேஜ் நிகழ்ச்சியைப் பற்றி அலுவலகத்தில் நேராகவே கேட்டேன். தவில் வாசிப்பு எண்ணிக்கையில் வருமா என்று. அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "அதற்கு இதில் கட்டமே இல்லை, ராண்டில்தான் போட முடியும்" என்றார். பாவம், அவர் என்ன செய்வார். சரி, 20 ராண்ட் எழுதிக்கொள்ளுங்கள் என்று அங்கேயே கார்டை நீட்டினேன். எண்ணிக்கைதானே வேண்டும், எடுத்துக்கொள்ளட்டும். மொய்க் கணக்கு பெரிய கணக்கு, அது என் மகளுக்கும் பள்ளிக்கும் நடுவில். ஆன்ட்டி சொன்னது போல அவள் சம்பாதித்த பிறகு பார்த்துக்கொள்ளட்டும்.

இவருக்கு 20 ராண்ட் விஷயத்தில் வருத்தம். 101 எழுதியிருக்கலாமாம்.

*

மிட்ராண்ட்வாசி:

20 ராண்ட் அதிகம் அக்கா. ஆனாலும் கார்டை நீட்டிய இடத்தில் ஒரு சலாம்.

*

கணக்குப்பிள்ளை:

18ஏ ரசீது கேட்டு வாங்குங்கள். கணவர் பெயரில் இருக்கட்டும், அவர் அடையாள எண்ணும் வரி எண்ணும் கொடுங்கள், 2023 மார்ச் முதல் அந்த விவரமெல்லாம் ரசீதில் வேண்டும். அவர் சம்பளத்துக்கு வரி 18 சதவீதப் படியில் வரும். வருடக் கணக்கு முடிக்கும்போது 3 ராண்ட் 60 சென்ட் குறையும்.